நகத்தைவிட இமையைக் கவனியுங்கள்

கேள்வி: தங்கையின் திருமணத்துக்காக நாகர்கோவிலில் ஒரு பார்லரில் அக்ரிலிக் நகம் வைத்துக்கொண்டேன். பிறகு இணையத்தில் வாங்கிய ஜெல் பாலிஷை அதன் மேல் நானே பூசி, ஒரு சிறிய விளக்கில் இறுக வைத்தேன். பெயர்ந்த ஓரங்களை நகப் பசையால் ஒட்டினேன். இப்போது நகத்தைச் சுற்றி அரிப்பும், விரல் நுனியில் வெடிப்பும் உள்ளன. ஒரு நகம் பச்சையாகிவிட்டது. காலையில் இமையும் சற்று வீங்குகிறது. மருந்துக்கடையில் கேட்டு, படைக்கான களிம்பைத் தடவி வருகிறேன். இப்படிக் கலந்து பூசியதால் நகம் நிரந்தரமாகப் போய்விடுமா? விளக்கினால் புற்றுநோய் வருமா?
- வாசகி, தக்கலை

பதில்: நகம் போய்விடாது. விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். முழுவதும் புதிதாக வர 6 மாதம் ஆகும். பச்சை நிறம், பூச்சுக்கும் நகத்துக்கும் இடையே தேங்கிய ஈரத்தில் வளர்ந்த பாக்டீரியாவின் நிறமி. பூச்சை அகற்றி உலர்வாக வைத்திருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில முறை பயன்படுத்திய விளக்கை எண்ணிப் புற்றுநோய்க்கு அஞ்ச வேண்டாம்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இமை வீக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. நகத்தைச் சுற்றிய அரிப்பு, விரல் நுனி வெடிப்பு, இமை வீக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், அக்ரிலேட் ஒவ்வாமையையே, அதாவது அக்ரிலிக், ஜெல், நகப் பசை ஆகியவற்றில் உள்ள வேதிப்பொருள் குடும்பத்தால் வரும் ஒவ்வாமையையே, முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அக்ரிலிக்கின் மேல் ஜெல் பூசுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. பயிற்சி பெற்றவர்கள் அதைச் செய்கிறார்கள். ஆனால் அக்ரிலிக், திரவமும் பொடியும் சேர்ந்ததும் தானாக இறுகும்; ஜெல்லோ, அதற்கென்று அமைந்த ஒளி உரிய நேரம் பட்டால்தான் இறுகும். பொருந்தாத விளக்கில் வைத்தாலோ, தடிமனாகப் பூசினாலோ, மேற்பரப்பு பளபளவென்று இருக்க, அடிப்பகுதி இறுகாமலே நிற்கும். அந்த இறுகாத ஜெல்லில் உள்ள ஹெமா போன்ற அக்ரிலேட் வேதிப்பொருள்கள் தோலில் திரும்பத் திரும்பப் படும்போதுதான் ஒவ்வாமை உருவாகிறது. வீட்டில் இடது கையால் வலது கை நகத்துக்குப் பூசும்போது தூரிகை தோலைத் தொடாமல் இருப்பது கடினம். அதே விரலால் கண்ணைக் கசக்கினால், மெல்லிய இமைத் தோல் எளிதில் வீங்கும். ஹெமா கலந்த நகப்பூச்சுகளைத் தொழில்முறையாளர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் விதித்ததற்கு இந்த ஒவ்வாமையே காரணம்.

ஒருமுறை வந்த இந்த ஒவ்வாமை பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பல் அடைக்கும் பொருளிலும், மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் பயன்படும் எலும்பு சிமெண்டிலும், சர்க்கரை அளவைக் காட்டத் தோலில் ஒட்டும் சில சென்சார்களின் பசையிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள் உள்ளன. இன்றைய அரிப்பைப் பொறுத்துக்கொண்டு பூச்சைத் தொடர்ந்தால், பின்னாளில் பல் மருத்துவரின் நாற்காலியில் அதன் விளைவைச் சந்திக்க நேரலாம்.

அந்தக் களிம்பை இன்றே நிறுத்துங்கள். படைக்கு என்று கேட்டால் கடைகளில் எடுத்துக் கொடுப்பவற்றுள் பல, வீரியமான ஸ்டீராய்டு கலந்தவை. அவை அரிப்பை மறைத்து நோயை அடையாளம் காண விடாது, இமையில் தொடர்ந்து பூசினால் கண்ணின் அழுத்தத்தையும் உயர்த்தக்கூடும். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து வாங்கும் பழக்கம் நம் மாவட்டத்தில் எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்பதைக் காணும்போது எனக்கு வருத்தமும் கோபமும் வருகின்றன.

செயற்கை நகத்தை நெம்பிப் பெயர்க்காதீர்கள். சொந்த நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். அனுபவமுள்ளவரிடம் மெதுவாக அகற்றிக்கொள்ளுங்கள். ஜெல், அக்ரிலிக், ஒட்டுப் பசை ஆகிய எதுவும் இனி வேண்டாம். இந்த வாரமே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ காட்டி, எந்தப் பொருள் ஒவ்வாமை தருகிறது என்று கண்டறியும் பேட்ச் டெஸ்ட் செய்வது குறித்துக் கேளுங்கள். முதுகில் ஒட்டும் பட்டைகளை 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, சில நாள்களில் மீண்டும் ஒருமுறை பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது. போகும்போது அந்த ஜெல் குப்பியையும் களிம்பையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.