தட்டு கழுவும் பான் ஜோவி

"ரசிகர்களிடமும் முன்பின் தெரியாதவர்களிடமும் எதிர்பாராத அளவுக்கு அன்பாக நடந்துகொண்ட ராக் பாடகர் யார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஜான் பான் ஜோவியைத்தான் சொல்வேன்.

எனக்கு ஊர் கோலாலம்பூர், செந்தூல். எங்கள் வீட்டுக்குள் ராக் பாட்டைக் கொண்டுவந்தவர் அண்ணன். கேசட் காலத்திலிருந்தே அவருக்கு பான் ஜோவி என்றால் உயிர். 2015 செப்டம்பரில் ஜானின் பான் ஜோவி குழு இங்கே ஸ்டேடியம் மெர்டேக்காவுக்கு வந்தது. புகைமூட்டக் காலம். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் இரண்டு பேரும் போனோம். அன்றைக்கு எனக்கு ஜான் நன்றாகப் பாடுகிற ஒரு மனுஷன், அவ்வளவுதான்.

அவருடைய சாப்பாட்டுக்கடையைப் பற்றி அப்புறம்தான் தெரிந்தது. அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் ரெட் பேங்க் ஊரில், முன்பு கார் பட்டறையாக இருந்த இடத்தில், 2011 அக்டோபரில் அவரும் மனைவி டொரோத்தியாவும் 'சோல் கிச்சன்' என்ற கடையைத் திறந்தார்கள். மெனுவில் விலையே இருக்காது. வசதி உள்ளவர்கள் இன்னொருவர் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். இல்லாதவர்கள் கடையில் கொஞ்ச நேரம் வேலை செய்யலாம். யாரும் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மேசைக்கே வந்து பரிமாறுகிறார்கள். ஊரில் இருந்தால் ஜானும் வந்து பாத்திரம் கழுவுவார். 2020 மார்ச்சில் கொரோனாவால் தொண்டர்கள் வர முடியாமல் போனபோதும் கழுவும் தொட்டிப் பக்கம் நின்றார்.

இந்தப் பாத்திரம் கழுவுகிற விஷயம்தான் என்னை அசைத்தது. கோயில் அன்னதானத்துக்குப் பல வருஷமாக உதவிக்குப் போகிறவள் நான். சாம்பார் வாளியைத் தூக்கப் போட்டி நடக்கும். பந்தி முடிந்ததும் பின்பக்கம் போய்ப் பாருங்கள், மூன்று நான்கு பெண்கள் மட்டும் குந்தியிருப்போம். அண்டாவின் அடியில் பருப்பு காய்ந்து ஒட்டியிருக்கும். தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து நகக்கண்ணில் ஏறிய மஞ்சள் இரண்டு நாளைக்குப் போகாது. அந்த வேலையைத் தேடி வருகிறவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

2024 செப்டம்பர் 10 அன்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடந்ததும் இப்படித்தான். ஆற்றுக்கு மேலே இருக்கும் நடைபாலத்தில் ஜான் பாட்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் கைப்பிடிக் கம்பிக்கு வெளியே நின்றிருந்தார். ஜான் ஓடவில்லை, கத்தவில்லை. கையை அசைத்துவிட்டு மெதுவாக அருகில் போனார், கம்பியில் சாய்ந்துகொண்டு பேசினார். கொஞ்ச நேரத்தில் அவரும் கூட இருந்தவரும் அந்தப் பெண்ணை உள்ளே தூக்கிவிட்டார்கள். ஜான் அவரைக் கட்டியணைத்தார், பிறகு கூடவே நடந்து போனார். வெளியே சொல்லி நன்றி தெரிவித்தது நாஷ்வில் போலீஸ்தான்.

போலீஸ் வெளியிட்ட அந்தக் காட்சியை அண்ணனிடம் காட்டினேன். பேசாமல் திரும்பவும் ஒருமுறை பார்த்தார். அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலைத் தண்ணீர்ப் பந்தலில், வழக்கமாகப் பாட்டுப் பெட்டி பக்கமே இருக்கிற மனுஷர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் வந்தார். என் கையிலிருந்த நாரை வாங்கிக்கொண்டு, "நீ தண்ணி ஊத்து, நான் தேய்க்கிறேன்" என்றார்.