தலைக்கு எத்தனை சதுர மீட்டர்? நெரிசல் கதைகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: மக்கள்தொகை பெருத்த எதிர்காலத்தை வைத்து சிறுகதை எழுதுகிறேன். 'மூவாயிரம் கோடி பேர்' என்று எழுதியும் நெரிசலே தெரியவில்லையே?

பதில்: கோடிக்கணக்கு மனதில் நிற்காது. ஒரு ஆளுக்கு எத்தனை சதுர மீட்டர், அதை யார் அளக்கிறார், எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். ஆங்கில எழுத்தாளர் ஜே.ஜி. பாலார்டின் 'பில்லெனியம்' கதையில் தனியாளுக்கு உச்சவரம்பு 4 சதுர மீட்டர். அறைகளைப் பிரிக்கும் பலகைத் தடுப்பைப் பக்கத்து ஆள் நைசாகத் தள்ளிவிடுவார் என்பதால் அளவை அறையின் உள்கூரையில் எடுக்கிறார்கள். அங்கே இரண்டு பக்கத்தாரும் போட்ட பென்சில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். பயந்த சுபாவக்காரருக்கு இடம் சுருங்கிக்கொண்டே போகும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாடம் இல்லை.

கேள்வி: 4 சதுர மீட்டர் மிகையில்லையா?

பதில்: இல்லவே இல்லை. நிவாரண முகாம்களுக்கான 'ஸ்பியர்' தரநிலையே தலைக்குக் குறைந்தபட்சம் 3.5 சதுர மீட்டர்தான். சமையல், குளியல், கழிப்பிடம் நீங்கலாக. கூடவே நாளுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. கதையில் எல்லாவற்றையும் குறைக்காதீர்கள், ஒன்றைக் குறைத்தால் போதும். கழிப்பறையை 60 பேருக்கு ஒன்றாக்குங்கள். ஆளுக்கு 5 நிமிடம் என்றாலும் வரிசை முடிய 5 மணி நேரம். காலை வேலைக்குப் போகிறவர் எத்தனை மணிக்கு எழ வேண்டும்? கதை அங்கேயே தொடங்கிவிடும்.

கேள்வி: நெரிசலை வைத்து ஹாரி ஹாரிசன் எழுதிய நாவலில் மனித மாமிசம் உணவாக வருகிறதா?

பதில்: 1966-இல் வந்த 'மேக் ரூம்! மேக் ரூம்!' நாவலில் கிடையாது. அதை வைத்து எடுத்த 1973 திரைப்படம் 'சாய்லன்ட் கிரீன்' சேர்த்தது அது. நாவலில் 1999-இன் நியூயார்க்கில் 3.5 கோடிப் பேர். 2000-இன் நிஜக் கணக்கு சுமார் 80 லட்சம்.

கேள்வி: உலக மக்கள் அத்தனை பேரும் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் நிற்கலாம் என்பது சரியா?

பதில்: 1968-இல் எழுத்தாளர் ஜான் ப்ரன்னர் 'ஸ்டாண்ட் ஆன் சான்சிபார்' என்று தன் நாவலுக்குத் தலைப்பாக்கிய கணக்கு அது. ஆளுக்கு 2 சதுர அடி வைத்தால் இன்றைய 800 கோடிக்கும் சுமார் 1,490 சதுர கிலோமீட்டர் போதும். தீவின் பரப்பு ஏறக்குறைய 1,660. நிற்க இடம் எப்போதும் இருக்கும். தண்ணீரும் சாக்கடையும்தான் இருக்காது.

கேள்வி: நிஜத்தில் பார்த்து எழுத ஓர் இடம்?

பதில்: ஹாங்காங்கின் கவுலூன் மதில் நகரம். 2.6 ஹெக்டேரில் சுமார் 33,000 பேர், 1993-94-இல் இடித்தார்கள். பக்கத்தில் விமான நிலையம் இருந்ததால் கட்டடங்கள் ஏறக்குறைய 14 மாடியோடு நின்றன. கீழே வெளிச்சம் எட்டாத சந்து, தலைக்கு மேல் ஒழுகும் குழாய்கள். காற்று வாங்கவும் பிள்ளைகள் விளையாடவும் மொட்டைமாடிதான்.