ஓடியவருக்கு லாபம்

கேள்வி: அடித்துவிட்டு ஓடினால் பத்து வருடம் ஜெயில் என்ற சட்டத்தை லாரி டிரைவர்கள் எதிர்த்தது நியாயம்தானே? நின்றால் ஊரே சேர்ந்து அடிக்குமே!
– ஒரு வாசகர், காரிமங்கலம்

பதில்: அடிக்குப் பயப்படுவது நியாயம். டிரைவரை அடிக்கும் கூட்டத்தின் மீதும் வழக்குப் போட வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், அடி வாங்கிக்கொண்டு அங்கேயே நில் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. கண்மூடித்தனமாக ஓட்டி ஓர் உயிரைப் பறித்துவிட்டு, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ உடனே தெரிவிக்காமல் தப்பிப் போகிறவருக்குத்தான், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவில் பத்து ஆண்டு வரை சிறை. கூட்டத்திடமிருந்து தப்பி நேரே காவல் நிலையத்துக்குப் போகிறவர் மீது அது பாயாது.

2024 ஜனவரியில் டிரைவர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். ஜூலை 1-ல் சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது இந்த ஓர் உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். மிஞ்சியது 106(1): கவனக்குறைவால் உயிரைப் பறித்தவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. நின்றாலும் அதே, ஓடினாலும் அதே. ஓடியதற்கென்று தனியாக இருப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 187-வது பிரிவு. முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

குடித்துவிட்டு ஓட்டியவரை நினைத்துப் பாருங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். நின்றால் ஊதச் சொல்வார்கள். ஓடிப்போய் மறுநாள் சாயங்காலம் வக்கீலோடு வந்து சரணடைந்தால் ரத்தத்தில் எதுவும் மிஞ்சியிருக்காது. இன்றைய சட்டத்தில் ஓடுகிறவருக்குத்தான் லாபம்.

நஷ்டம் யாருக்கு? விடியுமுன் ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளிக் கூடையோடு டூவீலரில் போகிறவரை ஒரு வண்டி தட்டிவிட்டுப் போகிறது. 108-க்கு யாராவது போன் செய்யும்வரை அவர் ரோட்டோரம் ரத்தம் வடியக் கிடக்க வேண்டும். இறந்துபோனால், வண்டி எதென்று தெரிந்த வழக்கில் அவருடைய வயதையும் வருமானத்தையும் கணக்கிட்டுத் தீர்ப்பாயம் இழப்பீடு தரும். தெரியாவிட்டால் அரசுத் திட்டத்தில் 2 லட்சம் ரூபாய், அவ்வளவுதான். அதுவும் 2022 ஏப்ரலுக்குமுன் வெறும் 25,000. ஓடியவர் உயிரோடு சேர்த்து அந்தக் குடும்பத்தின் பணத்தையும் கொண்டுபோகிறார்.

தொப்பூர் கணவாயில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கி, பிரேக் பிடிக்காமல் மோதும் விபத்துகளில் டீசல் கணக்குக் கேட்டு நெருக்கும் லாரி உரிமையாளருக்கும் பங்குண்டு. அவரையும் கூண்டில் ஏற்றுங்கள் என்று டிரைவர்கள் கேட்டால் நானும் கூட நிற்பேன். ஓடிப்போகும் உரிமையைக் கேட்டால் நிற்க மாட்டேன்.

106(2) நடைமுறைக்கு வரட்டும். 112-க்கு அழைத்துச் சொன்னாலே தகவல் தெரிவித்ததாகக் கொள்ளப்படும் என்று அதில் ஒரு வரி சேரட்டும். சங்கங்கள் அந்த வரிக்காகப் போராடலாம்.