ஸ்ட்ராஸ்பர்க்: மீட்பா, பறிப்பா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மன் எல்லையோரம் இருக்கும் பிரான்ஸின் அல்சாஸ் பகுதித் தலைநகரான ஸ்ட்ராஸ்பர்க் பற்றிய உங்கள் கட்டுரையை இருமுறை வாசித்தேன். 1870இல் பிரான்ஸோடு நடந்த போரில் ஜெர்மானியப் படை அந்நகரைக் குண்டுவீசிப் பணியவைத்ததையும், அதன்பின் 1918 வரை நடந்த ஜெர்மானிய ஆட்சி மக்களின் மனத்தை வெல்லவில்லை என்பதையும் எழுதியிருந்தீர்கள். இதில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. 1681 வரை அந்நகரம் ஜெர்மானியப் பேரரசின் சுதந்திர நகரம். பதினான்காம் லூயி மன்னன் படையை நிறுத்தித்தான் அதைப் பிடித்தான். 1870இலும் அங்கே பெரும்பாலானோர் வீட்டில் பேசியது ஜெர்மன் மொழியின் வட்டார வழக்கைத்தான். அப்படியானால் நடந்தது மீட்பு அல்லவா? தன் மொழி பேசும் அரசை ஒரு நகரம் ஏன் மறுக்க வேண்டும்? இன்னொன்று: ஹிட்லரின் சீருடையில் போரிட்ட அல்சாஸ் இளைஞர்களுக்காக நீங்கள் இரங்குகிறீர்கள். அவர்களைத் துரோகிகள் என்றல்லவா சொல்ல வேண்டும்?

க.

அன்புள்ள க.,

1681 பற்றி நீங்கள் சொல்வது சரி. பிரான்ஸின் கை அப்போது சுத்தமாக இருக்கவில்லை. ஆனால் 1681க்கும் 1870க்கும் இடையே ஏறத்தாழ 190 ஆண்டுகள் கிடக்கின்றன. அவற்றின் நடுவில் பிரெஞ்சுப் புரட்சி இருக்கிறது. பின்னாளில் பிரான்ஸின் தேசிய கீதமான ‘மார்செய்யேஸ்’ 1792 ஏப்ரலில் ஸ்ட்ராஸ்பர்க்கில்தான் எழுதப்பட்டது. நகர மேயர் டீட்ரிக் கேட்டுக்கொண்டதன்பேரில், ரைன் படைக்கான போர்ப்பாட்டாக ரூஷே தெ லீல் அதை இயற்றினார். புரட்சியின் தளபதிகளுள் ஒருவரான க்ளேபர் அந்நகரின் மைந்தர். நிலப்பிரபுக்களின் வரிகளிலிருந்தும் உரிமைகளிலிருந்தும் விடுபட்டதும், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற நிலையை அடைந்ததும் பிரெஞ்சுக் குடிமக்களாகவே என்பதால், வீட்டிலும் சந்தையிலும் அல்சாஸ் மொழியைப் பேசிக்கொண்டே அவர்கள் தங்களைப் பிரான்ஸைச் சேர்ந்தவர்களாக உணர்ந்தார்கள். நாவில் இருக்கும் மொழியும் மனம் சாரும் அரசும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்நாளைய ஜெர்மானியத் தேசியவாதிகளின் கோட்பாடு. வரலாற்றாசிரியர் ட்ரைட்ஷ்கே 1870இல் வெளிப்படையாகவே எழுதினார்: அல்சாஸ் மக்களுக்கு எது நல்லது என்பது அவர்களைவிட ஜெர்மானியர்களாகிய எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், அவர்கள் விரும்பாவிட்டாலும் அவர்களின் உண்மை இயல்பை அவர்களுக்குத் திருப்பித் தருவோம். உங்கள் கேள்விக்குள் இந்த வாதம் உங்களை அறியாமலே வந்து அமர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த மீட்பு எப்படித் தொடங்கியது என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். ஜெர்மானியத் தளபதி வெர்டர் கோட்டையை மட்டும் தாக்கவில்லை. நகர மக்களை அச்சுறுத்தினால் அவர்களே பிரெஞ்சுத் தளபதி உரிக் என்பவரை நெருக்கிச் சரணடைய வைப்பார்கள் என்று கணக்கிட்டு, குடியிருப்புகள்மீது பீரங்கிகளைத் திருப்பினார். ஆகஸ்ட் 24ஆம் தேதி இரவில், பழைய டொமினிக்கன் தேவாலயத்தில் இருந்த நகர நூலகம் எரிந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களோடு, 12ஆம் நூற்றாண்டில் ஹோஹன்பர்க் மடத்தின் தலைவி ஹெராட் தொகுத்த ‘ஹோர்ட்டுஸ் டெலிகியாரும்’ என்ற ஓவியச் சுவடியும் சாம்பலானது. முந்நூறுக்கும் அதிகமான ஓவியங்கள் கொண்ட சுவடி அது. அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பு சிலர் பொறுமையாக நகலெடுத்து வைத்த கோட்டோவியங்கள் வழியாகத்தான் இன்று அதை நாம் அறிகிறோம். அதன் மூலத்தில் இருந்த வண்ணங்கள் நமக்கு இனி இல்லை. அடுத்த இரவு பேராலயத்தின் கூரை எரிந்தது. அந்நகரம் தங்கள் பண்பாட்டின் பிள்ளை என்று உரிமை கொண்டாடியவர்களே அப்பண்பாட்டின் இடைக்கால நினைவை ஓர் இரவில் எரித்தார்கள் என்பதை என்னால் இன்றும் ஆறிய மனத்தோடு எழுத முடியவில்லை.

எரித்ததற்கு அவர்கள் ஈடு செய்யவே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. ஜெர்மனியெங்கும் இருந்து நூல்கள் திரட்டப்பட்டுப் புதிய நூலகம் உருவானது. 1872இல் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அகன்ற வீதிகளும் பேரரசர் அரண்மனையுமாக எழுந்த புதுநகர் இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 1871இல் சுமார் 85,000 ஆக இருந்த மக்கள்தொகை 1910இல் ஒரு லட்சத்து எழுபதாயிரத்தைத் தாண்டியது. 1906இல் மேயரான ருடால்ஃப் ஷ்வாண்டர் ஏழைகளுக்கான நலத்திட்டங்களில் பிற நகரங்களுக்கு முன்மாதிரியாக இருந்தார். இத்தனையும் கொடுத்த அரசு ஒன்றை மட்டும் கொடுக்கத் தயங்கியது. அது நம்பிக்கை. அல்சாஸும் அண்டைப் பகுதியான லொரேனின் ஒரு பகுதியும் மற்ற ஜெர்மானிய மாநிலங்களுக்கு நிகரான மாநிலமாக்கப்படவில்லை. பேரரசின் பொதுச்சொத்தாக, ‘ரைக்ஸ்லாண்ட்’ என்ற பெயரில், பேரரசர் அமர்த்திய ஆளுநரின் கீழ் வைக்கப்பட்டன. எந்நேரமும் ராணுவத்தின் துணையோடு அவசரநிலையைக் கொண்டுவர வழிசெய்த சட்டப்பிரிவு 1902 வரை நீடித்தது. 1874இல் பெர்லின் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகிப் போன அவர்களின் பிரதிநிதிகள், மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று கேட்டபோது அக்கோரிக்கை தள்ளப்பட்டது. 1911இல்தான் ஓர் அரசியலமைப்பும் சட்டமன்றமும் கிடைத்தன. அடுத்த ஆண்டே பேரரசர் வில்ஹெல்ம், ஸ்ட்ராஸ்பர்க்கிலேயே, மேயர் ஷ்வாண்டரிடமே, அந்த அரசியலமைப்பைத் தூள்தூளாக்கிவிடுவேன் என்று மிரட்டினார்.

1913இல் நடந்த ட்ஸாபெர்ன் விவகாரத்தோடு ஜெர்மானிய ஆட்சிக்கு எஞ்சியிருந்த நற்பெயரும் போயிற்று. ஸ்ட்ராஸ்பர்க்குக்கு வடமேற்கே இருக்கும் அச்சிற்றூரில் ஃபார்ஸ்ட்னர் என்ற இளம் லெப்டினன்ட், புதிதாகச் சேர்ந்த வீரர்களிடம் உள்ளூர் மக்களை ‘வாக்கெஸ்’ என்ற வசைச்சொல்லால் இழிவாகப் பேசினார். மக்கள் கூடிக் கேலி செய்யத் தொடங்கியதும், நவம்பர் 28 அன்று கர்னல் ராய்ட்டர் வீதியில் படையை இறக்கி, கண்ணில் பட்டவர்களைப் பிடித்து அடைத்தார். அடைபட்டவர்களில் நீதித்துறையினரும் இருந்தார்கள் என்றால் அந்தச் செயலில் எவ்வளவு சட்டம் இருந்தது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். பெர்லின் நாடாளுமன்றம் 293க்கு 54 என்ற கணக்கில் சான்சலரைக் கண்டித்தது. ஆனால் சான்சலர் பதவி பேரரசரின் விருப்பத்தைச் சார்ந்தது என்பதால் எதுவும் மாறவில்லை. 1914 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பர்க்கில் கூடிய ராணுவ நீதிமன்றம் ராய்ட்டரை விடுவித்தது. சட்டம் தங்களைக் காக்காது என்பதை அம்மக்கள் தங்கள் தலைநகரிலேயே கண்டார்கள்.

முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றபின், 1918 நவம்பரில் திரும்பி வந்த பிரான்ஸும் சந்தேகத்தோடுதான் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். பிறப்பை வைத்து மக்களை ஏ, பி, சி, டி என்று நான்கு வகை அடையாள அட்டைகளால் பிரித்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்களும் அவர்களின் பிள்ளைகளுமாக ஒரு லட்சம் பேருக்கு மேல் வெளியேற நேர்ந்தது. கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு ரைன் பாலத்தைக் கடந்தவர்களில் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் இருந்தார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ‘துரோகிகள்’ என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. 1940இல் ஜெர்மனி ஸ்ட்ராஸ்பர்க்கை மற்ற பிரெஞ்சு நகரங்களைப்போல ஆக்கிரமிப்பின் கீழ் மட்டும் வைக்கவில்லை. எந்த ஒப்பந்தமும் இல்லாமல் தன்னோடு இணைத்துக்கொண்டது. பிரெஞ்சு மொழி தடைசெய்யப்பட்டது, ஆட்களின் பெயர்கள்கூட ஜெர்மன் வடிவத்துக்கு மாற்றப்பட்டன. அரசுப்பொறுப்பாளர் ராபர்ட் வாக்னர் 1942 ஆகஸ்ட் 25 அன்று கட்டாய ராணுவச் சேவையை அறிவித்தார். தப்பியோடியவர்களின் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் ஜெர்மனிக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அல்சாஸிலிருந்து மட்டும் ஒரு லட்சம் பேர் இவ்வாறு கட்டாயமாக ராணுவத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். பலர் ரஷ்யப் போர்முனையில் மாண்டார்கள், பலர் ரஷ்யாவின் தம்போவ் கைதிமுகாமில் வாடினார்கள். கடைசி மனிதர் வீடு திரும்பியது 1955இல். ‘எங்கள் விருப்பத்துக்கு மாறாக’ என்ற பொருளில் ‘மால்க்ரே நூ’ என்று அவர்கள் தங்களை அழைத்துக்கொண்டார்கள். விரும்பிச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள், அவர்களுக்காக நான் வாதாடவில்லை.

ரிப்பப்ளிக் சதுக்கத்தில் இருக்கும் போர் நினைவுச் சிற்பத்தை நான் நெடுநேரம் பார்த்து நின்றிருக்கிறேன். 1936இல் திறக்கப்பட்டது. ஒரு தாய், மடியில் இறந்துகொண்டிருக்கும் இரு மகன்கள். இருவர் உடலிலும் ஆடை இல்லை, அதனால் எந்த நாட்டுச் சீருடையும் இல்லை. பிரான்ஸின் மற்ற ஊர்களில் ‘பிரான்ஸுக்காக’ என்று பொறித்திருப்பார்கள். இங்கே ‘எங்கள் மாண்டோருக்கு’ என்பதோடு நிறுத்திவிட்டார்கள். முதல் உலகப் போரில் அல்சாஸ் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஜெர்மானியப் படையில் இறந்தவர்கள் என்பதால் வேறெதையும் எழுத முடியவில்லை. அச்சிற்பம் திறந்து ஆறே ஆண்டுகளில் அடுத்த தலைமுறைக்கும் அதே கதி வந்தது.

உங்கள் சொல்லுக்கு ஆதரவாக ஒரே ஒரு வலுவான சான்று உண்டு. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். 1944 ஜூன் 10 அன்று பிரான்ஸின் ஒரதூர் கிராமத்தில் 640க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் அல்சாஸ்காரர்கள் இருந்தார்கள். 1953இல் போர்தோ நகரில் நடந்த விசாரணையில் நின்ற 21 பேரில் 14 பேர் அல்சாஸ்காரர்கள். அவர்களில் 13 பேர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள், ஒருவர் தானே சேர்ந்தவர். தண்டனை வந்ததும் அல்சாஸ் கொதித்தது. சில நாள்களில் நாடாளுமன்றம் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கியது. ஒரதூர் மக்கள் அரசு தந்த விருதுகளைத் திருப்பி அனுப்பினார்கள், மன்னிப்புக்கு வாக்களித்த உறுப்பினர்களின் பெயர்களை ஊர் வாசலில் எழுதி வைத்தார்கள். அவர்களின் கோபத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்தப் பதின்மூன்று பேர் செய்தது கொலை, கட்டாயம் அதை இல்லாமலாக்காது. ஆனால் அந்தப் பதின்மூன்று பேருக்கான சொல்லை, வீட்டாரைப் பிணையாக வைத்து ரஷ்யப் பனிக்குள் தள்ளப்பட்ட ஒரு லட்சம் பேர்மீது போட என்னால் இயலாது.

அன்புடன்,
ஆசிரியர்