புது வீட்டுக்கு இணையம்: கேபிளா, ஃபைபரா?

கேள்வி: கோண்டாவிலில் புது வீடு கட்டுகிறோம். எங்கள் ஒழுங்கைக்கு ரிவி கேபிள் தருபவர், "எங்களிட்டையும் ஃபைபர்தான்" என்று இணைய இணைப்புக்கும் கேட்கிறார். பிரதான வீதியில் ஃபைபர் நிறுவனத்தின் கம்பம் நிற்கிறது. வீடு அதிலிருந்து 150 மீற்றர் உள்ளே. பிள்ளைகள் இருவருக்கும் ஒன்லைன் வகுப்பு, கனடாவில் இருக்கும் அண்ணாவோடு வீடியோ கோல், படலையில் ஒரு கமரா. எதை எடுப்பது?

பதில்: ஃபைபர் (ஒளியால் தகவலைக் கடத்தும் கண்ணாடி இழை) வீட்டுக்குள்ளேயே வருமென்றால் அதையே எடுங்கள். ஆனால் கேபிள்காரரின் அந்தப் பேச்சை மட்டும் நம்பிக் கையெழுத்து வைக்க வேண்டாம். ரிவி கேபிள் நிறுவனங்கள் பல, தங்கள் நிலையத்திலிருந்து ஊர்ச் சந்திவரை ஃபைபரில் கொண்டுவந்து, அங்கிருந்து வீடுகளுக்குச் செப்புக் கேபிள்தான் இழுக்கின்றன. அதனால் "என் வீட்டுச் சுவரில் வந்து முடிகிற வயர் எது?" என்று கேளுங்கள். அயல்வீட்டில் கேபிள்காரருடைய இணைப்பு இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். உருண்டையான தடித்த வயர், நுனியில் திருகி இறுக்கும் உலோகத் தலை, நடுவில் ஊசிபோல் ஒரு செப்புக் கம்பி இருந்தால் அது ரிவிக்கு வரும் அதே ஆர்ஜி-6 வயர். ஃபைபர் என்றால் மெல்லிய வயர், நுனியில் சதுரமான பிளாஸ்ரிக் தலை, பெரும்பாலும் பச்சை நிறம். கேபிள்காரர் உண்மையிலேயே பச்சைத் தலையை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தால் அவரையும் மற்ற நிறுவனத்தோடு சமமாக வைத்துப் பார்க்கலாம்.

உங்கள் தேவைக்குத் தரவிறக்க வேகத்தைவிடப் பதிவேற்ற வேகம்தான் முக்கியம். கமராவும் வீடியோ கோலும் வீட்டிலிருந்து வெளியே அனுப்புபவை. வெளிநாட்டிலிருந்து பார்க்கும் ஒரு கமராவுக்கு 2 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அலகு), தெளிவான கோல் ஒன்றுக்கு 3 எம்பிபிஎஸ் என்று கணக்கு வையுங்கள்; இரண்டு வகுப்புகளையும் சேர்த்தால் 10 எம்பிபிஎஸ் பதிவேற்றம் வேண்டும். செப்புக் கேபிளில் பதிவேற்றத்துக்கு ஒதுக்கப்படுவது ஒடுங்கிய ஒரு பகுதி. அதையும் சுற்றுவட்டார வீடுகள் எல்லாம் பகிர்கின்றன. இரைச்சலும் (சமிக்ஞையைக் குழப்பும் மின் குறுக்கீடு) அதற்குள்தான் புகும். ஒரு வீட்டில் வயரின் தலை தளர்ந்தாலோ, உப்புக் காற்றில் களிம்பு பிடித்தாலோ, அங்கே புகும் இரைச்சல் அந்தத் தொடரில் உள்ள எல்லோருடைய பதிவேற்றத்தையும் கெடுக்கும். உங்கள் வீட்டு வயர் புதிதாக இருந்தும் பயன் இல்லை. இன்னொன்று, வீதியில் இடையிடையே உள்ள, சமிக்ஞையைப் பெருக்கும் அம்பிளிஃபயர்களுக்கு மின்சாரம் வேண்டும். அவற்றின் பற்றரி இறங்கினால் உங்கள் இன்வேர்ட்டர் ஓடியும் இணையம் இராது.

வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பரவலாக உள்ள ஜிபொன் முறையிலும் பகிர்வு உண்டு: ஒரு இழையில் 2.5 கிகாபிட் தரவிறக்கம், 1.25 கிகாபிட் பதிவேற்றம், அதை வழக்கமாக 32 அல்லது 64 வீடுகள் பங்கிடும். ஆனாலும் இடம் தாராளம். வீதியில் உள்ள பிரிப்பான்களுக்கு மின்சாரமே தேவையில்லை.

வீதியில் கம்பம் நிற்பது மட்டும் போதாது. அதில் உள்ள பெட்டியில் வெற்று இடம் இருக்கிறதா, ஒழுங்கைக்குள் புதுக் கம்பம் நட வேண்டுமா, அந்தச் செலவு யாருடையது, இந்த மூன்றுக்கும் பணம் கட்டுமுன் எழுத்தில் பதில் வாங்குங்கள். மாதத் தரவு அளவையும் பாருங்கள். எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும்; தினம் 3 மணித்தியாலம் பார்த்தாலே மாதம் 270 ஜிபி. இப்போதைக்கு ஃபைபர் கிடைக்காவிட்டால், ஒப்பந்தக் காலம் இல்லாத 4ஜி ரவுட்டரோடு காத்திருங்கள். செப்புக் கேபிளுக்காக 2 வருட ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நீர்வேலியில் மேல்மாடியோடு வீடு. இன்னும் சுவர் பூசவில்லை. இணையத்துக்கு என்ன போட்டு வைக்க வேண்டும்?

பதில்: நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். பூசிய பிறகு சுவரை வெட்டுவது வீண்செலவு. வயர் வரும் பக்கத்து வெளிச்சுவரிலிருந்து ஹோலின் நடுப்பகுதிவரை 25 மில்லிமீற்றர் பிவிசி குழாய் ஒன்று புதையுங்கள். மின்சார வயர் போகும் குழாய்க்குள் இதை விட வேண்டாம். சடுதியாகத் திரும்பும் எல்போ போடாமல் நீண்ட வளைவுள்ள பென்ட் போடச் சொல்லுங்கள். கூர்மையாக மடங்கினால் கண்ணாடி இழையிலிருந்து ஒளி வெளியே கசியும். வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். பிறகு வயரை இழுக்க உள்ளே நைலோன் நூல் ஒன்றை விட்டு வையுங்கள். வெளி வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், இல்லாவிட்டால் மாரி மழை குழாய் வழியே ஹோலுக்கு வரும்.

குழாய் முடியும் இடத்தில் இரண்டு பிளக் பொயின்ற். அங்கிருந்து மேல்மாடிக்கும் ரிவி இருக்கும் சுவருக்கும் தனித்தனியாகக் கற்-6 எனும் நெற்வேர்க் வயர். கொங்கிறீற் தட்டைத் தாண்டி 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை ஒழுங்காகப் போகாது; மேலே இரண்டாவது வைஃபை பெட்டி வைக்க இந்த வயர்தான் கைகொடுக்கும். கற்-6 வாங்கும்போது ஒரு இழையைப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செப்பு பூசிய அலுமினியம். கடைக்கே திருப்பிக் கொடுங்கள். சுவருக்குள் போகும் வயர் முழுச் செப்பாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஃபைபருக்கு மின்னலால் பயமில்லை என்றார்கள். ஐப்பசி இடியில் இணையப் பெட்டி எரிந்துவிட்டது. ஏன்?

பதில்: கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, அவர்கள் சொன்னதில் அவ்வளவுதான் சரி. மின்னல் பெட்டிக்குள் வர வேறு வழிகள் உண்டு. முதலாவது கரண்ட் பிளக். இரண்டாவது வெளிக் கமராவிலிருந்து வரும் செப்பு வயர். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: ஃபைபர் வயரைத் தாங்க அதோடு ஒட்டி வரும் இரும்புக் கம்பி. அது வெளிச்சுவரின் கொளுக்கியோடு பிரிந்து நின்றுவிட வேண்டும், உள்ளே வரக்கூடாது. இடி தொடங்குமுன் பிளக்கையும் கமரா வயரையும் கழற்றுங்கள். சேர்ஜ் புரொட்டெக்ரர் போட்டாலும் வீட்டு எர்த் சரியில்லாவிட்டால் அது வேலை செய்யாது. வயர்மானைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள்.

புதுப் பெட்டி வந்ததும், மின்வெட்டுக்கு 12 வோல்ற் மினி யுபிஎஸ் ஒன்று போதும். அடப்ரரில் எழுதியிருக்கும் வோல்ற்றும் அம்பியரும் பொருந்த வேண்டும். யுபிஎஸ்ஸில் 10,000 எம்ஏஎச் (பற்றரியின் கொள்ளளவு) என்று எழுதியிருந்தால் 10 வொட் இழுக்கும் பெட்டி சுமார் 3 மணித்தியாலம் ஓடும்.

கேள்வி: பருத்தித்துறையில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் எடுத்தோம். ஃபோனில் 30தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: முதலில் லப்டொப்பை வயரால் பெட்டியோடு இணைத்து அளந்து பாருங்கள். அதில் 90க்கு மேல் வந்தால் குறை வைஃபையில்; ஃபோனை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள். வயரிலும் குறைந்தால், பெட்டிக்கு வரும் ஒளி அளவைத் தொழில்நுட்பவியலாளரிடம் அளக்கச் சொல்லுங்கள். அது மைனஸ் 8க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் (ஒளியின் வலுவை அளக்கும் அலகு) இடையில் இருக்க வேண்டும். மைனஸ் 25ஐத் தாண்டி மைனஸ் 26, 27 பக்கம் போனால் எங்கோ மடிப்போ அழுக்கோ இருக்கலாம். அலுமாரிக்குப் பின்னால் நசுங்கிய வயரை முதலில் பாருங்கள். அளந்த ஒளி எண்ணைக் குறித்து வையுங்கள். பிறகு அது 3 குறைந்தால் (மைனஸ் 20, மைனஸ் 23 ஆவதுபோல்) ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். முறைப்பாட்டை நிறுவனத்திடம் பதிந்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். அவர்கள் திருத்தாவிட்டால் அந்த இலக்கத்தோடும் வயரில் அளந்த வேகத்தின் படத்தோடும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். வைஃபையில் எடுத்த அளவை அனுப்ப வேண்டாம், நிறுவனம் அதை எளிதாகத் தட்டிக்கழித்துவிடும்.