குடும்பத்தோடு இங்கிலாந்து போகிறோம், அந்த ஊர்ச் சாப்பாடும் டீயும் நமக்குப் பிடிக்குமா?

கட்டாயம் பிடிக்கும். ஆனால் லண்டனோடு நின்றுவிடாமல், மூன்று நாளாவது தென்மேற்கே டெவன், கார்ன்வால் பக்கம் போய் வாருங்கள். அம்மா, கணவர், ஒன்பது வயது மகள், நான் என நான்கு பேரும் அங்கே சாப்பிட்டதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அங்கே கிடைக்கும் ‘கிரீம் டீ’ என்பது டீயில் கிரீம் ஊற்றித் தருவது இல்லை. ஒரு பானை டீ, அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு இரண்டு ஸ்கோன், ஸ்ட்ராபெரி ஜாம், கிளாட்டட் கிரீம் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பெயர். ஸ்கோன் என்பது மைதா, வெண்ணெய், பால் சேர்த்துச் சுடும் சின்ன உருண்டை ரொட்டி. இனிப்பு குறைவு. கையால் பிய்த்தாலே நடுவில் இரண்டாகப் பிரியும், உள்ளிருந்து ஆவி வரும்.

கிளாட்டட் கிரீமைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். கொழுப்பு மிகுந்த கிரீமை அகலமான தட்டுகளில் ஊற்றி, கொதிக்க விடாமல் இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வைத்து, அப்படியே ஆற விடுகிறார்கள். மேலே மஞ்சளாக ஓர் ஆடை படிகிறது. கார்ன்வால் கிரீமில் குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். 1998 முதல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. அம்மா ஸ்பூன் நுனியில் அந்த ஆடையை மட்டும் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தார். “நம்ம பாலாடைதான்டி இது. நாம நெய் உருக்கச் சேர்த்து வைக்கறோம், இவங்க அப்படியே சாப்பிடறாங்க” என்றார்.

டெவனில் ஸ்கோன்மேல் முதலில் கிரீம், அதன்மேல் ஜாம். தேமர் ஆற்றைத் தாண்டி கார்ன்வாலுக்குள் போனால் முதலில் ஜாம், அப்புறம் கிரீம். இரண்டு ஊர்க்காரர்களும் இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். மகள் இரண்டையும் தின்று பார்த்துவிட்டு கார்ன்வால் பக்கம் சேர்ந்துகொண்டாள். எனக்கு டெவன் முறைதான். சூடான ஸ்கோனில் வெண்ணெய் தடவுவது போல கிரீம் படிகிறது.

டீக்கு வருவோம். பாலோடு கொதிக்க வைப்பதில்லை. பானையில் இலையும் வெந்நீரும், பால் தனி ஜாடியில். வந்தவுடன் ஊற்றினால் வெளிறித்தான் இருக்கும், அம்மாவின் முதல் கோப்பை அப்படித்தான் ஆனது. நான்கு நிமிடம் விட்டுப் பாருங்கள், சாறு நன்றாக இறங்கிவிடும். அங்கே தினசரி குடிக்கும் டீயில் பெரும்பாலும் அசாம், கென்யா இலைகள் கலந்திருக்கும், அதனால் பால் தாங்கும். ஜாமின் இனிப்பு வாயில் இருக்கும்போதே குடித்ததால், இரண்டாவது கோப்பைக்கு அம்மா சர்க்கரையே போடவில்லை.

மூன்றடுக்குத் தட்டில் சாண்ட்விச், கேக் வைத்துத் தரும் ஆஃப்டர்நூன் டீ வேறு. 1840 வாக்கில் பெட்ஃபோர்ட் கோமகள் அன்னா பரப்பிய வழக்கம் என்பார்கள். ஒருமுறை போகலாம், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு மனதுக்கு நெருக்கமானது கிராமத்து டீக்கடைதான்.

மதியத்துக்கு கார்னிஷ் பேஸ்டி. ஒரு காலத்தில் தகரச் சுரங்கத் தொழிலாளிகளின் கட்டுச்சோறு. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, ஸ்வீட் (swede) என்ற டர்னிப் போன்ற கிழங்கு, வெங்காயம் வைத்து ஓரத்தை முறுக்கி மூடிய, நம் சோமாசியின் பெரிய அண்ணன். சைவக்காரரான அம்மாவுக்குச் சீஸும் வெங்காயமும் வைத்தது கிடைத்தது. துறைமுகத்தில் உட்கார்ந்து தின்றால் கடற்காகங்களைக் கவனியுங்கள், கையிலிருந்தே பறிக்கும். ஞாயிறு மதியம் கிடைத்தால் ரோஸ்ட் செய்த இறைச்சியும் யார்க்‌ஷயர் புட்டிங்கும் சாப்பிடுங்கள். மாவு, முட்டை, பால் கலந்து சுடுவது அது. பெயர்தான் புட்டிங், இனிப்பே கிடையாது. நடுக்குழியில் கிரேவியை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் சைவம் யாராவது இருந்தால், சிப்ஸ் (அங்கே அது தடிமனான உருளைக்கிழங்கு வறுவல்) பொரிப்பது எண்ணெயிலா மாட்டுக் கொழுப்பிலா என்று கேட்டுவிடுங்கள், வடக்கே கொழுப்பில் பொரிக்கும் கடைகள் நிறைய. கிராமத்து டீக்கடைகள் பல ஐந்து மணிக்கே மூடிவிடும். மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு மூன்று மணிக்குப் போய் உட்காருங்கள்.