திரும்பாத முகம்

அன்புள்ள ஐயா,

உளவியல் திகில் படங்களின் டிரெய்லர்களைத் தேடித் தேடிப் பார்ப்பவன் நான். பல சமயம் படத்தைவிட டிரெய்லர்தான் என்னை அதிகமாகப் பயமுறுத்துகிறது. அது ஏன்? ஒரு டிரெய்லரை இருபது முறை ஓட்டி, பிரேம் பிரேமாக நிறுத்தி, எந்த நொடியில் அமைதி, எந்த நொடியில் சத்தம் என்று அட்டவணை போட்டேன். பயம் போனதுதான் மிச்சம். நானும் ஒரு குறும்படம் எடுத்திருக்கிறேன், அதற்கு டிரெய்லர் வெட்ட வேண்டும். இன்னொரு சந்தேகம்: படத்தில் இல்லாததை டிரெய்லரில் காட்டுவது ஏமாற்று வேலை இல்லையா?

க.

அன்புள்ள க.,

சில நாட்களாக இதே விஷயம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். இருபது முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் பயம் எங்கே இருக்கும்? அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோமே, அந்த நேரத்தில்தான் அது இருக்கிறது. நிறுத்துகிற பொத்தான் உங்கள் விரலுக்கடியில் இருந்தால் நீங்கள் எதற்குமே காத்திருக்கவில்லை என்று அர்த்தம். பூவைப் பிய்த்துப் போட்டுவிட்டு வாசனை எங்கே என்று கேட்கிறீர்கள். அந்த அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள்.

ஏமாற்று வேலை பற்றிய சந்தேகத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். 1960இல் வந்த 'சைக்கோ'வின் டிரெய்லரில் படத்தின் இயக்குநர் ஹிட்ச்காக்கே ஆறு நிமிடத்துக்கு மேல் செட்டைச் சுற்றிக் காட்டுகிறார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்கியதும் ஒரு பெண் அலறுகிறாள். படத்தில் அந்த இடத்தில் கொல்லப்படுவது நடிகை ஜேனட் லீ. டிரெய்லரில் அலறுவது வேறொரு நடிகை, வேரா மைல்ஸ். டிரெய்லர் தனி வடிவம். படத்துக்கு உண்மையாக இருக்க வேண்டிய கடமை அதற்குக் கொஞ்சம்தான்.

இப்போது வருகிற டிரெய்லர்களில் பாதி எனக்குப் பிடிப்பதில்லை. மெல்ல ஏறிக்கொண்டே போகும் ஓர் ஒலி, சட்டென்று மௌனம், அப்புறம் காதைக் கிழிக்கும் ஓர் அடி. நாம் திடுக்கிடுகிறோம். காற்றில் கதவு படாரென்று சாத்தினாலும் அப்படித்தான் திடுக்கிடுவோம். கண் மூடும், தோள் ஏறும், அடுத்த நிமிடம் மறந்துபோகும். நாலைந்து தடவை அடித்தால் உடம்பே பழகிக்கொள்ளும். திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

1980இல் வந்த 'தி ஷைனிங்' படத்தின் டீசரைப் பாருங்கள். நிறுத்தாமல் பாருங்கள். மொத்தமும் ஒரே ஷாட். மூடிய லிஃப்ட் கதவுகள், அசையாத கேமரா. கீழிருந்து பெயர்கள் மேலே ஊர்ந்து போகின்றன. வேறு ஒன்றுமே நடப்பதில்லை, இசை மட்டும் நெருக்கிக்கொண்டே வருகிறது. வெறும் கதவை இவ்வளவு நேரம் ஏன் காட்டுகிறார்கள் என்ற கேள்வி நமக்குள் எழுகிறது பாருங்கள், பயம் அங்கேயே தொடங்கிவிட்டது. பிறகு கதவோரத்திலிருந்து ரத்தம் பீறிட்டு வருகிறது. அதுவும் நிதானமாகத்தான் வருகிறது. நாற்காலிகள் மிதந்து நம்மை நோக்கி நகர்கின்றன. யாரும் அலறவில்லை, ஒரு வெட்டுகூட இல்லை. கண்ணை எடுக்க வேறு இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

2018இல் வந்த 'ஹெரிடிட்டரி' டிரெய்லரில் ஒரு சிறுமி நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டொக்' என்று ஒலி எழுப்புவாள். குழந்தைகள் விளையாட்டாகச் செய்வதுதான். ஆனால் அதைப் பார்த்த ராத்திரி, விளக்கை அணைத்தபின் வீட்டில் யாராவது அந்த ஒலியை எழுப்பினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பேயின் உறுமலை வீட்டில் யாரும் எழுப்பப் போவதில்லை. இதை எழுப்பலாம்.

வீடு என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். நடு ராத்திரியில் தாகம் எடுத்து எழுந்து போனேன். சமையலறையில் விளக்கு இல்லை. அம்மா சுவரைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. இடது பாதத்தின் மேல் வலது பாதத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பாதங்கள் இன்றைக்கும் எனக்கு அப்படியே தெரிகின்றன. "அம்மா" என்றேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் திரும்பினால் அது அம்மாவின் முகமாக இருக்காது என்று தோன்றிவிட்டது. ஓடவும் முடியவில்லை, மூன்றாம் முறை கூப்பிடவும் வாய் வரவில்லை.

திரும்பினாள். அம்மாதான். கண் வீங்கியிருந்தது. "தூக்கம் வரலையா?" என்று கேட்டுத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே குடித்தேன். ஏன் அழுதாள் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. இப்போது கேட்க அவள் இல்லை.

அன்று என்னை உறைய வைத்தது பேய் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். என் அம்மாவுக்குள் எனக்குத் தெரியாத ஒருத்தி இருக்கிறாள் என்பது அந்தச் சில நொடிகளில் தெரிந்துபோயிற்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உளவியல் திகில் என்று நாம் சொல்வது இதைத்தானே? நன்றாகத் தெரிந்தவர் தெரியாதவராக நிற்பது. சில கதைகளில் அந்தத் தெரியாத ஆள் நாமேதான்.

படம் எப்படியும் அவளைத் திருப்பியாக வேண்டும். முகத்தைக் காட்ட வேண்டும், எதற்காக அழுதாள் என்று சொல்ல வேண்டும். சொன்னதும் அது துக்கமாகிவிடும், நாமும் அவளோடு சேர்ந்துகொள்வோம். டிரெய்லருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்த முதுகோடு நம்மை விட்டுவிட்டுப் போய்விடலாம்.

உங்கள் குறும்படத்தில் யார் முதுகைக் காட்டி நிற்கிறார்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நொடிக் கணக்கு எழுதியவருக்கு அதை எழுதத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம். அந்த ஆளைக் கண்டுபிடியுங்கள். சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டு, குழாய் சொட்டுவது போன்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் திரும்பத் தொடங்குகிற இடத்தில் வெட்டுங்கள். வெட்டியதும் எனக்கு அனுப்புங்கள். ஒரே மூச்சில், நிறுத்தாமல் பார்க்கிறேன்.